சீரிஸ் 3 லேண்ட் ரோவரில் டேங்குக்குள் மின் பம்ப்: நெடுநாள் ஓட்டத்தில் தெரிந்தவை

வண்டி 88 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் இடைவெளி) சீரிஸ் 3. அதன் பழைய பெட்ரோல் பம்புக்குப் பதில் டேங்குக்குள் மின் பம்ப் போட்ட அனுபவம் இது. 2286 சிசி பெட்ரோல் என்ஜின், ஜெனித் கார்புரேட்டர். ஓட்டம் பெரும்பாலும் கோலாலம்பூருக்குள். அவ்வப்போது காராக் நெடுஞ்சாலை ஏற்றம், தாப்பா வழியாகக் கேமரன் மலை, உலு லங்காட் பக்கம் மண்பாதை.

கம்பெனி பொருத்தி அனுப்பிய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பைக் குறை சொல்ல முடியாது. கேம்ஷாஃப்ட் தள்ளும் ஒரு நெம்புகோல், ஒரு டயாஃப்ரம், இரண்டு வால்வு, அவ்வளவுதான். தொல்லை அது உட்கார்ந்திருக்கும் இடத்தில். டேங்க் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, பம்ப் சுடும் என்ஜினின் பக்கவாட்டில். இடையிலுள்ள குழாய் முழுக்க பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. உறிஞ்சும்போது அழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். பெட்ரோலின் இலேசான பகுதிகள் சாதாரணக் காற்றழுத்தத்திலேயே 35, 40 டிகிரியில் ஆவியாகத் தொடங்குபவை. மதிய வெயிலில் ஜாலான் துன் ரசாக் ஜாமில் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டைச் சொல்லவே வேண்டாம். பம்புக்குள் ஆவி நிறைந்துவிட்டால் டயாஃப்ரம் அதை அமுக்கி அமுக்கி விடுமே தவிர, பெட்ரோல் நகராது. டேங்குக்குள் மின் பம்பை வைத்தால் குழாய் முழுக்கத் தள்ளும் அழுத்தத்தில் இருக்கும். இந்த வேலையின் பயன் அதுதான்.

இது தீர்க்காத நோய் ஒன்றும் உண்டு. பணம் செலவழிப்பதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும்போது இழுவை குறைந்து, இருமி நின்றால் குழாயில் ஆவி அடைப்பு. நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பிய பிறகு ஸ்டார்ட் ஆகாமல் பெட்ரோல் நாறினால் அது வேறு. இந்த என்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டும் (கலவை உள்ளே போகும் குழாய்) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (புகை வெளியேறும் குழாய்) ஒன்றோடொன்று போல்ட் போட்டு ஒட்டியவை. அதன் மேலே கார்புரேட்டர். என்ஜின் நின்றதும் சூடு மேலேறி, கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் மிதவை அறையில் உள்ள பெட்ரோலே கொதித்து உள்ளே வழிகிறது. இதற்கு எந்தப் பம்பும் மருந்தில்லை. கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் தடித்த வெப்பத்தடுப்புத் துண்டு வெடித்திருக்கிறதா என்று பார்த்து மாற்றவும், வெப்பத் தடுப்புத் தகடு ஒன்று வைக்கவும். இரண்டு நோயையும் ஒன்றாக எண்ணி மின் பம்ப் போட்டவர்கள்தான் பிறகு பம்பைத் திட்டுகிறார்கள்.

பம்ப் தேர்வில் பெரியதே நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது. சுமார் 70 குதிரைத்திறன் என்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 20 லிட்டர் சொச்சம்தான் குடிக்கும். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பந்தயப் பம்பைப் போட்டால் மிச்சமெல்லாம் சுற்றிச் சுற்றி டேங்கைச் சூடாக்கும். மணிக்கு 80 முதல் 100 லிட்டர் தருவது தாராளம். மைவி, வீரா போன்ற உள்ளூர் இஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும்) கார்களுக்கு விற்கும் உருளை மோட்டாரை மட்டும் வாங்குவது என் கட்சி. தாப்பாவில் நின்றுபோனாலும் அங்கேயே மாற்று கிடைக்கும், வெளிநாட்டுக் கிட்டுக்கு அந்த வசதி இல்லை. ஹாஃப்-கட் கடையில் (வெட்டிய பழைய கார்களின் பாகங்கள் விற்கும் கடை) கிடைக்கும் பழைய மோட்டார் வேண்டாம். அது எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

இனிச் சிக்கலான இடம். இஎஃப்ஐ மோட்டார் 3 பார் அழுத்தத்துக்குச் செய்தது, அதாவது 43 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). ஜெனித்துக்கு 2 முதல் 2.5 பி.எஸ்.ஐ போதும். அதற்கு மேல் போனால் மிதவை அறைக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் ஊசி வால்வு தோற்றுவிடும். சாதாரண கார்புரேட்டர் ரெகுலேட்டரை (அழுத்தத்தைக் குறைக்கும் கருவி) நேரே போட்டு மோட்டாரை அடைத்து நிறுத்துவதும் தவறு. மோட்டார் சூடேறிக் கத்தும், ரெகுலேட்டரும் தாங்காது. திரும்பு குழாய் கட்டாயம். டேங்கிலிருந்து 8 மி.மீ குழாய், பிறகு ஃபில்டர், பிறகு ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு). டீயின் ஒரு கிளை 2.5 மி.மீ துளையுள்ள பித்தளைத் தடையின் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. மணிக்கு 100 லிட்டர் பம்பில் அந்தத் துளைக்கு முன் ஏறத்தாழ 4, 5 பி.எஸ்.ஐ நிற்கும். மற்ற கிளையில் 1 முதல் 5 பி.எஸ்.ஐ வரை திருகக்கூடிய ரெகுலேட்டர். துளையை முதலில் 2 மி.மீ ஆகப் போட்டு, 0–15 அளவுமானி வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிதாக்கலாம். பெரிதாக்கிய துளையைச் சிறிதாக்க முடியாது. ஃபில்டர் டீக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் ஒரு துருத் துணுக்கு துளையை அடைத்ததும் மோட்டாரின் முழு அழுத்தமும் ரெகுலேட்டர் மேல் விழும்.

டேங்கைக் கழற்றியே வேலை செய்யவும். இருக்கைப் பெட்டியின் மூடியைத் தூக்கினால் கேஜ் அனுப்பியும் (பெட்ரோல் அளவைக் கேஜுக்குச் சொல்லும் பாகம்) உறிஞ்சு குழாயும் தெரியும். அப்படியே மேலிருந்து முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் 45 லிட்டர் டேங்கின் அடியில் பல பத்தாண்டுத் துரு படிந்திருக்கும். கழற்றி, ரேடியேட்டர் கடையில் சுடுநீர் விட்டுக் கழுவச் சொல்லவும். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது ஆவி. துளை வெட்டும்போது தண்ணீர் நிரப்பி, கைக் கருவியால் வெட்டவும். தீப்பொறி பறக்கும் கிரைண்டர் பக்கத்தில்கூட வரக்கூடாது.

மோட்டாரைத் தொங்கவிடும் தட்டு 3 மி.மீ எஃகு, அடியில் நைட்ரில் கேஸ்கெட். மோட்டாரின் வாயில் மாட்டும் வடிகட்டு வலைப்பை டேங்க் தரையில் படிந்து கிடக்க வேண்டும், மடங்கக் கூடாது. திரும்பு குழாயின் வாய் பெட்ரோலுக்குள் மூழ்கியும் வலைப்பைக்கு எட்டவும் இருக்கட்டும், இல்லாவிட்டால் குமிழிகளையே பம்ப் குடிக்கும். கேஜ் மிதவை மேலிருந்து கீழ்வரை மோட்டாரில் தட்டாமல் ஆடுகிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடவும். இதை விட்டால் கேஜ் எப்போதும் அரை டேங்க் என்றே சொல்லும்.

உள்ளே போகும் ஹோஸ் எஸ்ஏஇ ஜே30ஆர்10 தரம். கடையில் பெட்ரோல் ஹோஸ் என்று தரும் 30ஆர்7, 30ஆர்9 இரண்டும் உள்பக்கம் பெட்ரோல் ஓடத்தான் செய்தவை. முழுக்க மூழ்கினால் வெளித்தோல் ஊறி உரிந்து, அந்தத் துகளே வலையை அடைக்கும். வயரும் அப்படித்தான். சாதாரண பிவிசி உறை கெட்டியாகி வெடிக்கும், டெஃப்லான் உறை வேண்டும். டேங்க் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருப்பதால் மைனஸ் வயரைத் தனியாகச் சேசிஸுக்கு இழுக்கவும்.

மின் இணைப்பில்தான் மிகுதியும் கோளாறு. இக்னிஷன் சாவியிலிருந்து நேரே எடுத்தால், பழைய சுவிட்சின் தேய்ந்த தொடுமுனையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பாகிவிடும். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ வயர், ரிலேயின் (சிறு மின்னோட்டத்தால் பெரியதை இயக்கும் சுவிட்ச்) 30, 87 முனைகள் வழியே பம்புக்கு. சாவி 86ஐ மட்டும் தொடட்டும், 85 மைனஸுக்கு. என்ஜின் ஓடும்போது பம்பின் முனையிலேயே மீட்டர் வைத்து 13 வோல்ட்டாவது வருகிறதா பார்க்கவும்.

விபத்தில் என்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. டேங்க் நம் இருக்கைக்குக் கீழேயே இருக்கிறது. அதனால் சாதா ரிலேக்குப் பதில் இக்னிஷன் காயிலின் மைனஸ் முனைத் துடிப்பைப் பார்த்து ஓடும் பம்ப் ரிலே நல்லது. சாவி போட்டதும் ஓரிரு விநாடி ஓடி நிற்கும், என்ஜின் சுற்றினால் மட்டுமே தொடரும். அதோடு, மோதினால் பம்பை நிறுத்தும் மோதல் சுவிட்ச் ஒன்றும். ஆயில் பிரஷர் விளக்கின் சுவிட்சைப் பயன்படுத்தலாமே என்று சில ஃபோர்மேன்கள் (பட்டறை மெக்கானிக்குகள்) சொல்வார்கள். அது அழுத்தம் இல்லாதபோது இணைத்து, வந்ததும் துண்டிக்கும் வகை. நேராக மாட்டினால் தலைகீழாக வேலை செய்யும்.

பழைய மெக்கானிக்கல் பம்பை வழியிலேயே விட்டுவிடுவது பலர் செய்வது, செய்யவே கூடாதது. அதன் டயாஃப்ரம் கிழிந்தால் மின் பம்ப் பெட்ரோலை நேரே, என்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்புக்குள் தள்ளும். கழற்றி, தகடும் கேஸ்கெட்டும் போட்டு மூடவும். ஆனால் பம்பைத் தூக்கி எறியாதீர்கள். டேங்கின் பழைய உறிஞ்சு குழாயையும் மூடி போட்டு அப்படியே விட்டுவைத்தால், காட்டில் மோட்டார் எரிந்துபோகும் நாளில் பழைய பம்பைத் திரும்ப மாட்டி வீடு சேரலாம். மின் மோட்டாரை வழியில் பிரித்துச் சரிசெய்ய இயலாது என்பது இந்த மாற்றத்தின் உண்மையான இழப்பு.

நெடுநாள் ஓட்டத்தில் முதலில் தெரிவது காலை ஸ்டார்ட். ஒரு வாரம் நின்ற வண்டியில் மிதவை அறை வற்றியிருக்கும். முன்பு ஸ்டார்ட்டரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இப்போது சாவியை இரண்டு மூன்று முறை போட்டு எடுத்தால் அறை நிறைந்துவிடும். கெந்திங் செம்பா ஏற்றத்தில் மூச்சு வாங்குவது போயிற்று. தைப்பூச இரவில் பத்துமலைப் பக்கம் ஊர்ந்து போவதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை, அதிலும் என்ஜின் அடங்கவில்லை.

குறைகளும் உண்டு. இருக்கைக்கடியில் ரீங்காரம் எப்போதும் கேட்கும். அந்தச் சத்தம் ஏறினால் வலை அடைகிறது, இறங்கினால் வோல்ட் குறைகிறது. ஃபில்டரை முதல் 500 கிலோமீட்டரிலேயே மாற்ற வேண்டும். கழுவிய டேங்கும் துரு விடும். கேஸ்கெட் ஊறித் தளர்வதால், டேங்க் நிறைந்த நாளில் காருக்குள் வாசம் வந்தால் தட்டின் நட்டுகளைக் குறுக்குமறுக்காக மீண்டும் இறுக்கவும். கால் டேங்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். மோட்டாரைக் குளிர்விப்பது பெட்ரோல்தான், செங்குத்துச் சரிவில் வலை காற்றைக் குடிக்கும்.

ஆயில் குச்சியை மாதம் ஒருமுறை முகர்ந்து பார்ப்பது வழக்கமாகட்டும். பெட்ரோல் வாசம் இருந்தால் ஊசி வால்வு கசிகிறது. ஆயிலை உடனே மாற்றிவிட்டு, ரெகுலேட்டரை 2க்கு இறக்கவும். அப்படியும் கசிந்தால் ஊசியும் அது உட்காரும் வால்வு இருக்கையும் சேர்த்தே புதிது, ஊசியை மட்டும் மாற்றிப் பயனில்லை.