சொல்லாய்வைத் தொடர எது கைகொடுக்கும்: ஓடையா, மடலா, சமூக ஊடகமா?

மொழியையும் சொற்களையும் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்களை விடாமல் படிக்க மூன்று வழிகளைக் கையாண்டிருக்கிறேன். சமூக ஊடகத்தில் பின்தொடர்ந்தேன். மின்னஞ்சல் மடல்களுக்குப் பதிந்துகொண்டேன். ஒரு தளத்தில் புதிதாக வருவதைத் தானாகவே தெரிவிக்கும் செய்தியோடைகளை (ஆர்எஸ்எஸ்), பல ஓடைகளை ஓரிடத்தில் காட்டும் செயலியான திரட்டியில் சேர்த்துப் படித்தேன். கடைசியில் ஓடைப் பக்கமே நின்றுவிட்டேன். என் சாய்வு அங்கேதான் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

சமூக ஊடகத்தில் ஆள் அதிகம், மடலுக்குப் பதிவது எளிது, ஓடைகளைச் சேர்க்க முதல் நாள் சற்று மெனக்கெட வேண்டும். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: படித்ததை மீண்டும் எடுக்க முடிகிறதா என்ற கேள்வி.

ஒரு சொல்லின் வரலாறு படித்த அன்றே தேவைப்படுவதில்லை. ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு பேச்சில்தான் அது வேண்டியிருக்கும். ‘காசு’ என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஆனது என்ற குறிப்பு சமூக ஊடகத்தில் ஓயாமல் சுற்றுகிறது. நானும் நம்பிப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பிறகு என் ஓடையில் ஒரு கட்டுரை வந்தது. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் உண்டாம். கீழை நாடுகளின் சிறு நாணயங்களைக் குறிப்பது ஒன்று. அது காசிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. ரொக்கம் என்று பொருள்படுவது இன்னொன்று. அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. அவற்றுக்கு மூலம் லத்தீன். ஆக, பரவிய குறிப்பில் பாதிதான் உண்மை.

சில மாதங்கள் கழித்து என் மைத்துனர் அதே குறிப்பை அனுப்பி, “பார்த்தீர்களா மாமா, நம் சொல்!” என்று எழுதினார். திரட்டியில் நான் இட்டிருந்த குறிச்சொல்லைத் தட்டியதும் கட்டுரை தேதியோடு முழுதாக வந்தது. அவருக்கு அனுப்பினேன். சமூக ஊடகத்தில் படித்திருந்தால் யார் எழுதியது, எப்போது எழுதியது என்றுகூட என்னால் சொல்லியிருக்க முடியாது. அங்கே திருத்தம் வந்தாலும் பிழை போன தூரம் அது போவதில்லை.

மடலிலும் தேடலாமே என்பீர்கள். தேடலாம், ஆனால் தமிழுக்கு அங்கே ஒரு சிக்கல் உண்டு. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தின்’, ‘மரத்தை’ என்று வருகிற இடங்கள் அகப்படுவதில்லை. வேற்றுமை ஏறியதும் சொல்லே உருமாறிவிடுகிறது அல்லவா? அதனால் வெறும் தேடலை நம்பாமல், படிக்கும்போதே குறிச்சொல் இட்டு வைப்பதுதான் வழி. மின்னஞ்சலிலும் அப்படி வகைப்படுத்தலாம்தான். ஆனால் வங்கி அறிவிப்புக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் நடுவே ஒரு சொற்பிறப்புக் கட்டுரையை நிதானமாகப் படித்துக் குறியிட எனக்குப் பொறுமை வந்ததே இல்லை. நாளுக்கு ஒரு சொல் என்றால் மடலே பொருத்தம். 1994 முதல் வந்துகொண்டிருக்கும் ‘எ வேர்ட் எ டே’ அதற்கு நல்ல சான்று. இரண்டு நிமிடத்தில் படித்து முடிக்கலாம்.

ஓடையில் இன்னொரு நிம்மதி, பட்டியல் நம் கையில் இருப்பது. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் என்ற திரட்டி மூடப்பட்டபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் ஓடைப் பட்டியலை ஒரே கோப்பாக இறக்கி வேறு திரட்டியில் ஏற்றிக்கொள்ள முடிந்தது. சமூக ஊடகம் ஒன்று மூடப்பட்டால் நாம் பின்தொடர்ந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போக வேண்டியதுதான்.

வட்டார வழக்கு என்று வந்துவிட்டால் மட்டும் ஓடை தோற்கிறது. ஒரு மீனுக்கோ புல்லுக்கோ உங்கள் பக்கத்தில் என்ன பெயர் என்று சமூக ஊடகத்தில் கேட்டால், அகராதி ஏறாத பெயர்கள் ஒரு மணி நேரத்தில் வந்து குவியும். அந்தச் செல்வத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஓடை ஒருவழிப் பாதை. கேட்க முடியாது, படிக்கத்தான் முடியும். சில தளங்கள் முதல் பத்தியை மட்டும் ஓடையில் விட்டு மிச்சத்துக்குத் தளத்துக்கு வரச் சொல்வதும் உண்டு.

நான் கணினியில் படிக்கிறவன். கைபேசியில் மட்டுமே படிப்பவர்களுக்கு இந்தக் குறிச்சொல் வேலை இதே அளவு எளிதாக இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மொழி பற்றிய ஒலியுரைகளையும் (பாட்காஸ்ட்) சில வாரங்களே கேட்டேன். அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்ப்பது நியாயமாகாது.

இப்போது திரட்டியில் நாற்பது ஓடைகள், அஞ்சலில் ஒரே ஒரு மடல். ஓடை இல்லாத இரண்டு பேருக்காக மட்டும் வாரம் ஒருமுறை சமூக ஊடகம் போகிறேன். அவர்கள் எழுதியதில் வேண்டியதை அன்றைக்கே தேதியோடு நகலெடுத்து வைத்துக்கொள்கிறேன்.