விர்டஸ் ஜிடி-க்கு 17 அங்குல அலாய்: இரண்டு வருடம், 34,000 கிலோமீட்டர்

ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி பிளஸ் கார் எடுத்தது 2022 அக்டோபரில். 1.5 லிட்டர் டர்போ, 150 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக். எஞ்சினில் இன்றுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. டயரில்தான் மனசு ஒட்டவில்லை. கோயம்புத்தூரில் இருப்பதால் மாதம் ஒருமுறையாவது வால்பாறை போய்விடுவோம். ஆழியாறிலிருந்து ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. நாலைந்து வளைவு தாண்டியதுமே முன் டயர் முனக ஆரம்பித்துவிடும், ஸ்டியரிங்கில் ஒரு தளர்ச்சி தெரியும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியது பிடிமானம் மட்டும் என்றால் வீலை மாற்ற வேண்டியதில்லை. கம்பெனி கொடுத்த 16 அங்குல வீலிலேயே நல்ல டயர் போட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும். எனக்கு அந்த வீல் ஆர்ச்சில் தெரிந்த காலி இடமும் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அழகுக்கும் சேர்த்துத்தான் மாற்றினேன்.

அளவு முடிவு செய்யவே ஒரு மாதம் ஆனது. கம்பெனி டயர் 205/55 ஆர்16 (அகலம் 205 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 55 சதவீதம், 16 அங்குல ரிம்), மொத்த விட்டம் கிட்டத்தட்ட 632 மி.மீ. 205/50 ஆர்17 போட்டால் 637, வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. ஸ்பீடோமீட்டரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. 18 அங்குலத்தில் 215/40 போடச் சொல்லி நண்பர்கள் ஆசை காட்டினார்கள். அதன் விட்டமும் 629, பொருந்திவிடும். ஆனால் டயரின் பக்கவாட்டு உயரத்தைப் பாருங்கள்: கம்பெனி டயரில் 113 மி.மீ., பதினேழில் 102, பதினெட்டில் வெறும் 86. பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த உயரம்தான். நம் ஊர் சாலைக்கு 86 போதாது என்பது என் திடமான கருத்து. இரண்டு வருடம் ஓட்டிய பிறகு அது இன்னும் உறுதியாகியிருக்கிறது.

அடுத்த தலைவலி பி.சி.டி., அதாவது போல்ட் எத்தனை, அவை அமையும் வட்டத்தின் விட்டம் எத்தனை மி.மீ. என்ற கணக்கு. விர்டஸுக்கு 5×100. கடைக்குப் போனால் 5×114.3 அடுக்கி வைத்திருப்பார்கள், 5×112-ம் கிடைக்கும், நம்முடையதைக் கேட்டால் இரண்டு மூன்று டிசைன்தான் வரும். நண்பர் ஒருவர் சுபாரு காரிலிருந்து கழற்றிய ஒரிஜினல் வீல் செட் ஒன்றைக் காட்டினார். அதே 5×100, அழகோ அழகு. அட்வான்ஸ் கொடுக்கப் போகிற நேரத்தில் நடு ஓட்டையை அளந்து பார்த்தோம்: 56.1 மி.மீ. அந்த ஓட்டைக்குள் நுழைய வேண்டிய விர்டஸின் ஹப் (வீல் மாட்டும் நடுப்பகுதி) 57.1. ஒரே ஒரு மில்லிமீட்டர், உள்ளே போகவே போகாது. கடைந்து பெரிதாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அந்த வழிக்குப் போகவில்லை.

கடைசியில் எடுத்தது ஃப்ளோ ஃபார்ம் முறையில் செய்த 17×7 வீல். ரிம் பகுதியைச் சூடாக்கி, உருளையால் அழுத்தி இழுத்து மெல்லியதாக்குவார்கள். சாதாரண வார்ப்பைவிட எடை குறையும், உறுதி கூடும். பின்பக்கம் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற ஜப்பானிய முத்திரைகளும் தாங்கும் எடையும் அச்சாகியிருந்தன. தாங்கும் எடை அச்சாகாத வீலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். டயரிலும் அப்படித்தான். கம்பெனி டயரின் லோட் இண்டெக்ஸ் 91, அதாவது 615 கிலோ. 205/50 ஆர்17-ல் 89 போட்டதும் கிடைக்கிறது, அது 580 கிலோதான். நான் தேடிப்பிடித்து 93 எக்ஸ்.எல். (கூடுதல் எடை தாங்கும் வகை) வாங்கினேன், 650 கிலோ. எக்ஸ்.எல். டயருக்குக் காற்று இரண்டு பி.எஸ்.ஐ. கூடுதலாக வைக்கிறேன்.

அடுத்து ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற அளவு. அதற்குப் பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்தேன். ஃபெண்டர் விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் எவ்வளவு இடைவெளி என்று நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொண்டேன். பழைய வீல் 6 அங்குல அகலம், புதியது 7. ஆஃப்செட் மாறாமல் இருந்தால் உள்ளே 12.7 மி.மீ., வெளியே 12.7 மி.மீ. போகும். ஆஃப்செட் எண் ஐந்து குறைந்தால் வெளியே இன்னும் ஐந்து மி.மீ. தள்ளும். ஃபெண்டரைத் தாண்டி டயர் நீட்டிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்காது. சேற்றையும் கல்லையும் கதவில் வாரி அடிக்கும். அதனால் பழைய வீலின் பின்னால் இருந்த அதே ஆஃப்செட்டிலேயே வாங்கினேன். வீல் நான்கும் 62,000, டயர் நான்கும் 44,000 ஆனது. பில்லைக் காட்டி இன்சூரன்ஸிலும் சேர்த்துக்கொண்டேன்.

சரி, இனி மாட்டிய கதை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாட்டியது நகரத்தில் ஒரு பெரிய டயர் கடையில். புது வீலின் நடு ஓட்டை 73.1 மி.மீ., ஹப் 57.1. அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் வேண்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்ணா, போல்ட்ட முறுக்குனா தானா சென்டர் ஆயிடும்ங்" என்றார் கடைக்காரர். நானும் விட்டுவிட்டேன். காற்றுத் துப்பாக்கியில் டர்ரென்று நாலே நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார்கள்.

மறுவாரம் சென்னை போனேன். பெருந்துறை தாண்டி 95-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. 110-ல் குறைந்தது. பேலன்சிங் சரியில்லை என்று நினைத்து சேலத்தில் ஒருமுறை, திரும்பி வந்து ஒருமுறை பேலன்ஸ் செய்தேன். நடுக்கம் போகவில்லை.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆன நிலையில், ஃபோக்ஸ்வாகன் வண்டிகளே பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் துப்பாக்கியை எடுக்கவே இல்லை. கையால் ஸ்பானர் போட்டு முதல் போல்ட்டைத் திருப்பினார். அது அநியாயத்துக்கு லேசாகத் திரும்பியது. கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "தம்பி, இதோட தலைக்குக் கீழ தடவிப் பாருங்க" என்றார். கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருந்தது. அப்புறம் டார்ச்சை அடித்து வீலின் போல்ட் ஓட்டையைக் காட்டினார். அது புனல் மாதிரி நேர்ச்சரிவு. அந்தச் சரிவில் முடி அளவுக்கு மெல்லிய ஒரு வளையம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. மீதி இடமெல்லாம் பெயின்ட் அப்படியே.

விஷயம் புரிந்தது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி போல்ட் உருண்டைத் தலை, வெளியில் வாங்கும் வீல் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டையைக் கூம்பில் வைத்து இறுக்கினால் ஒரு கோட்டில்தான் தொடும். எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு நிலைக்காது, ஓட ஓடத் தளரும். அந்த நிலையில் குடும்பத்தோடு சென்னை போய் வந்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கூம்புத் தலை போல்ட், எம்14×1.5, இருபது வாங்கினோம். நீளத்தையும் அவரே சரிபார்த்தார். கையால் திருகும்போது எத்தனை சுற்று போகிறது என்று எண்ணச் சொன்னார். ஒன்பது சுற்று போனது, பதிமூன்றரை மி.மீ. மரை பிடித்திருக்கிறது என்று கணக்கு. ஹப் ரிங் நான்கும் போட்டதும் வீல் ஹப்பில் தானாக உட்கார்ந்தது, ஆட்டினாலும் அசையவில்லை. பிறகு நட்சத்திர வரிசையில், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து 120 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி சரிபார்க்கச் சொன்னார். இரண்டு போல்ட் இன்னும் கொஞ்சம் இறுகின. அன்றோடு நடுக்கம் ஒழிந்தது. டார்க் ரெஞ்ச் ஒன்று நானே வாங்கிவிட்டேன். இன்று யார் வீலைத் தொட்டாலும் வீட்டுக்கு வந்து ஒருமுறை பார்த்துவிடுவேன்.

ஓட்டும் சுகத்தில் மாற்றம் உண்மையானது. வால்பாறை வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே திரும்புகிறது, முனகல் ரொம்பத் தள்ளித்தான் வருகிறது. எடையும் ஏறவில்லை. டயரோடு சேர்த்து வீட்டு மெஷினில் வைத்துப் பார்த்தேன், பழையதற்கும் புதியதற்கும் அரைக் கிலோ வித்தியாசம்தான். சாதாரண வார்ப்பு வீல் எடுத்திருந்தால் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கிலோவாவது கூடியிருக்கும். நெடுஞ்சாலையில் மைலேஜ் லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் குறைந்தது. சிறு குழிகளின் அதிர்வு முன்பைவிட உள்ளே தெரிகிறது, குறிப்பாக 40 வேகத்துக்குக் கீழே. பின்சீட்டில் உட்காரும் அம்மாவுக்கு முதல் வாரமே வித்தியாசம் தெரிந்துவிட்டது.

ஒரு முறை அடிபட்டது. சென்ற வருட மழையில், தண்ணீர் தேங்கிய சாலையில் முன் இடது வீல் பள்ளத்தில் இறங்கியது. டயர் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. ரிம்மின் உள்விளிம்பில் லேசான நெளிவு, வெடிப்பு இல்லை. நெளிவை எடுத்துவிட்டோம். வெடித்திருந்தால் வெல்டிங் வைக்காமல் வீலையே தூக்கிப் போட்டிருப்பேன். டயர்தான் பாடாய்ப்படுத்தியது: 205/50 ஆர்17 எல்லாக் கடையிலும் இருக்காது. வரவழைக்க நான்கு நாள், அதுவரை ஸ்டெப்னியில் மெதுவாக உருட்டினேன். கம்பெனி அளவு என்றால் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

டயர் காற்று எச்சரிக்கைக்குத் தனி சென்சார் வாங்க வேண்டியதில்லை. விர்டஸில் அது வீல் சுற்றும் வேகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. டயர் மாற்றியதும், காற்று பிடித்ததும் மெனுவில் ரீசெட் செய்தால் போதும். வாட்டர் வாஷ் கடையில் பிரஷரை ரிம்மின் உள்பக்கம் நேராக அடிக்க விடாதீர்கள். எனக்கு பேலன்சிங்குக்கு ஒட்டுற வெயிட் ஒன்று பறந்துபோய் மறுபடி நடுக்கம் வந்தது.

இப்போது டயரில் மூன்றரை மி.மீ. பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளின் உயரம்) மிச்சம் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் மாற்றுவேன், இதே அளவுதான்.

இன்னொன்று, ஸ்டெப்னி கம்பெனி வீல், அதற்குக் கூம்பு போல்ட் ஆகாது. பழைய உருண்டைத் தலை போல்ட் ஐந்தைத் துணிப்பையில் கட்டி, 'ஸ்டெப்னிக்கு மட்டும்' என்று சிவப்பு டேப் ஒட்டி டிக்கியில் ஜாக் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என் மனைவிக்கும் தம்பிக்கும் அதைக் கையில் கொடுத்து, தலையைத் தடவிப் பார்க்கச் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.