'சின்னக் கையா, மெல்லிய நெக் வாங்குங்க' என்றால் உஷார்

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போனபோது கடைக்காரர் என் விரல்களைப் பார்த்துவிட்டு, "உங்க கைக்கு இருக்கிறதிலேயே மெல்லிசான நெக்தான் சரி" என்றார். நெக் என்றால் கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதி, நாம் கையால் பிடிக்கும் இடம். உட்கார்ந்தபடி இரண்டு நிமிடம் வாசித்தேன். விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. வாங்கிவிட்டேன்.

மூன்றாவது வாரம் கட்டைவிரலின் அடிப்பகுதியில் வலி ஆரம்பித்தது. ஒரே விரலை எல்லாக் கம்பிகள் மேலும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் பார் கார்டு பிடித்தால் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. பயிற்சி போதாது என்று நினைத்து இன்னும் அழுத்தி வாசித்து வலியை வளர்த்துக்கொண்டேன். அப்புறம் நண்பரின் பழைய கிட்டாரை எடுத்தேன். தடித்த, உருண்டையான நெக். ஒரு மணி நேரம் வாசித்தும் கை வலிக்கவில்லை.

காரணம் எளிது. நான் கட்டைவிரலை நெக்குக்கு மேலே போட்டு வாசிப்பவன். நெக் தட்டையாக இருந்தால் உள்ளங்கைக்கு எதுவும் ஆதாரம் கிடைக்காது, பிடியின் பாரம் முழுக்கக் கட்டைவிரலில் இறங்கும். கட்டைவிரலை நெக்கின் பின்னால் வைத்து வேகமாக வாசிப்பவருக்கு அதே நெக் சுகமாக இருக்கலாம். கை சிறியதா பெரியதா என்பதைவிட எப்படிப் பிடிக்கிறோம் என்பதுதான் முக்கியம். அதைக் கடைக்காரர் கேட்கவே இல்லை.

சரி, அது அறியாமை என்று விட்டுவிடலாம். அடுத்தது அப்படி இல்லை. கூடுதல் பணம் கட்டி மாற்றிக்கொள்ள, "சி வடிவம், முதல் ஃபிரெட்டில் 22 மில்லிமீட்டர்" என்று நெக்கின் வளைவையும் தடிமனையும் சொல்லி வேறொரு கிட்டாரை வரவழைத்தார்கள். (ஃபிரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை.) ஆனால் பழையதைத் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள், கீறல் இருக்கிறதாம். அதுவும் என்னிடமே தங்கியது. புதியதைக் கையில் பிடித்ததுமே சந்தேகம். வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தேன்: 19.8. கேட்டால், கம்பி, ஃபிரெட் எல்லாம் சேர்த்து அளந்தார்களாம்! ஃபிரெட்போர்டின், அதாவது விரல் அழுத்தும் முன்பக்கப் பலகையின், மரப்பரப்பிலிருந்து நெக்கின் முதுகு வரைதான் அளக்க வேண்டும். கம்பியும் ஃபிரெட்டும் சேர்ந்தாலே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடும். கையில் அது பெரிய வித்தியாசம். "சி என்றால் சிதான் சார்" என்று பதில் வந்தது, பணம் வரவில்லை.

சி, டி, யு, வி எல்லாம் நெக்கின் முதுகு வளைவைச் சொல்லும் எழுத்துகள், தடிமனை அல்ல. மெல்லிய சியும் உண்டு, கொழுத்த சியும் உண்டு. கிப்சனில் ஐம்பதுகளின் பாணி நெக் உருண்டு தடித்திருக்கும், அறுபதுகளின் பாணி மெலிந்திருக்கும். ஃபிரெட்போர்டின் மேல் வளைவு இன்னொரு கதை. பழைய ஃபெண்டர் பாணியில் அந்த வளைவின் ஆரம் (ரேடியஸ்) 7.25 அங்குலம், கார்டு பிடிக்க இதம். ஆனால் கம்பியைத் தாழ்வாக வைத்து மேல் ஃபிரெட்களில் பெரிய பெண்ட் செய்தால், அதாவது சுருதி ஏறக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால், ஒலி சட்டென்று செத்துப்போகும். 12 அங்குலத்தில் வளைவு குறைவு, அந்தத் தொல்லையும் குறைவு.

அதனால் முதல் ஃபிரெட், பன்னிரண்டாவது ஃபிரெட் இரண்டிலும் தடிமனை எப்படி அளந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நின்று, பட்டை மாட்டி, இருபது நிமிடமாவது வாசியுங்கள். முதல் ஃபிரெட்டில் எஃப் பார் கார்டைத் தொடர்ந்து பிடியுங்கள். வலி அங்கேதான் முதலில் எட்டிப் பார்க்கும். தடித்த நெக்கைச் சீவித் தருகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள், உள்ளே நெக் வளையாமல் தாங்கும் உலோகக் கம்பி, டிரஸ் ராட், இருக்கிறது.

முதல் கிட்டாரைப் போன மாதம் விற்றுவிட்டேன். வாங்க வந்தவரிடம் முதலில் கேட்டது, கட்டைவிரலை எங்கே வைப்பீர்கள் என்பதைத்தான். பின்னால் என்றார்.