புதுச்சேரியில் எங்கே சாப்பிடுவது? வாய்க்காலின் இரு கரைகளும் வடக்குச் சாலையும்

புதுச்சேரியில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு மூன்று திசைகளைக் காட்டலாம். நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடற்கரைச் சாலை வரை உள்ள, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த ஒயிட் டவுன் ஒன்று. வாய்க்காலுக்கு மேற்கே நேரு வீதி, மிஷன் வீதி, காந்தி வீதி, அண்ணா சாலை என்று நெருக்கமாக அமைந்த தமிழர் பகுதி மற்றொன்று. கோட்டக்குப்பத்தில் தொடங்கி, ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையம் வரை போகும் வடக்குச் சாலை மூன்றாவது. முதல் இரண்டும் நடந்தே கடந்துவிடக்கூடிய தொலைவில் இருந்தாலும், இலையில் விழுவதும் பில்லில் விழுவதும் முற்றிலும் வேறு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வந்து அன்றே திரும்புகிறவர்களில் பலர் மூன்று வேளையையும் ஒயிட் டவுனிலேயே முடித்துக்கொள்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மேற்கே போய், மாலைக்குக் கிழக்கே திரும்புவதுதான் இந்த ஊரில் சரியான கணக்கு என்பது என் கருத்து.

ஒயிட் டவுன் உணவகங்களின் பலம் அவற்றின் முற்றங்கள். பழைய பிரெஞ்சு வீட்டின் நடுமுற்றத்தில், காகிதப்பூக் கொடியின் நிழலில், யாரும் எழுந்திருக்கச் சொல்லாத மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார முடிகிறது என்றால், அந்த வசதிக்கான விலையும் சேர்ந்துதான் தட்டின் விலை ஆகிறது. இதைப் புரிந்துகொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றம் இல்லை. வெண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்து வாட்டிய மீன், கிரேப் என்ற மெல்லிய பிரெஞ்சு தோசை, ஸ்டேக் என்ற வாட்டிய இறைச்சித் துண்டு போன்றவற்றுக்கு இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். ஆனால் அதே மெனுவில் செட்டிநாட்டுக் கோழியும் மலபார் மீன் கறியும் இருந்தால், அவற்றைத் தவிர்ப்பது நல்லது. வெளிநாட்டவரும் வட இந்தியரும் சாப்பிட ஏற்றபடி காரத்தையும் புளியையும் குறைத்துச் செய்யும் குழம்பில் இரண்டு ருசியும் நிற்பதில்லை.

மீனை வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். தமிழர் பகுதியில் சாதாரணமான அசைவ உணவகம் ஒன்றில் மீன் சாப்பாடு என்றால் சோறு, மீன் குழம்பு, ரசம், ஒரு கூட்டு அல்லது பொரியல், மோர் ஆகியவை வரும். வறுவல் தனிக் கணக்கு. காலையில் கூட்டி வைத்த குழம்பு பன்னிரண்டரை மணிக்குப் பரிமாறப்படும்போது புளியும் மீனும் ஒன்றோடொன்று கலந்து நிதானப்பட்டிருக்கும். நல்ல கடைகளில் அதற்கு வடகம் தாளிக்கிறார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம் ஆகியவற்றை இடித்து, விளக்கெண்ணெய் தடவி உருண்டையாகப் பிடித்து, பல நாள் வெயிலில் காயவைக்கும் அந்த வடகத்தை எண்ணெயில் உதிர்த்துப் போட்டதும் எழும் வாசம் தெருவரை வரும். இதே சரக்குதான் பிரெஞ்சுக்காரர்களின் கைக்குப் போய் வதூவான் என்ற மசாலாத் தூளாகி, இன்று ஐரோப்பிய உணவகங்களின் மெனுவில் இடம்பெறுகிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே அதை மீன் மேல் தூவிக் கொடுத்தால் விலை பல மடங்கு ஆகிறது.

புத்தம்புது மீன் வேண்டுமென்றால் இரு கரைகளிலும் ஒரே எச்சரிக்கை தேவை. கடை முன் கண்ணாடிப் பெட்டியில் சிவக்கச் சிவக்க மசாலா பூசி அடுக்கியிருக்கும் வஞ்சிரத் துண்டுகள் கண்ணுக்கு அழகாக இருக்கும். அந்தப் பூச்சுக்கு அடியில் மீன் எந்த நாளையது என்று யாராலும் சொல்ல முடியாது. தலையோடு முழுதாக வைத்திருக்கும் சங்கரா அல்லது வவ்வாலைக் காட்டச் சொல்ல வேண்டும். கண் குழி விழாமல் தெளிவாக இருக்க வேண்டும். செவுளைத் தூக்கினால் உள்ளே சிவப்பு இருக்க வேண்டும். விரலால் அழுத்திய இடம் திரும்ப எழ வேண்டும். கேட்டால் காட்டத் தயங்கும் கடையில் நெத்திலி வறுவலோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். அளவுக்கேற்ற விலை என்று மெனுவில் போட்டிருக்கும் மீனுக்கு, அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே தொகையைக் கேட்டுவிட வேண்டும். பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருந்தால் அதை நீக்கச் சொல்லலாம். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது.

காலைச் சிற்றுண்டியில் போட்டி இவ்வளவு ஒருதலையாக இல்லை. நேரு வீதியில் தொழிலாளர் கூட்டுறவு நடத்தும் இந்தியன் காபி ஹவுஸில் ஆம்லெட்டும் காபியும் சாப்பிடுவதற்கும், புஸ்ஸி வீதிப் பக்கம் ஒரு பிரெஞ்சு பேக்கரியில் குரோசான் சாப்பிடுவதற்கும் தனித்தனி நியாயம் உண்டு. விலைதான் அளவுகோல் என்றால் காபி ஹவுஸுக்கு ஈடில்லை. இட்லி, பொங்கலுக்கு மிஷன் வீதியின் சைவ உணவகங்கள் போதும்.

மாலையில் நிலைமை தலைகீழாகிறது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனங்களை அனுமதிப்பதில்லை என்பதால், அந்த நேரத்தில் ஒயிட் டவுன் முழுவதும் நடப்பதற்கு உரிய இடமாகிவிடுகிறது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் லே கஃபேயில் காபியோடு கடலைப் பார்த்து உட்காரலாம். அங்கே போவது இருக்கைக்காக என்று வைத்துக்கொண்டால் குறை தோன்றாது. மேற்கே அந்த நேரத்தில் நேரு வீதியின் நெரிசலுக்குள் புகுந்து சாப்பிட்டுவிட்டு வெளியே வருவதற்குள் சாப்பிட்டது செரித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடும் நாளில் கேட்கவே வேண்டாம்.

வடக்குச் சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கோட்டக்குப்பம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த, முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஊர். பிரியாணிக்கு அங்கே போகலாம், மதியத்துக்குள் போனால் அண்டா தீராமல் இருக்கும். குயிலாப்பாளையத்தில் விறகடுப்பில் சுட்ட பீட்சாவும், நல்ல ரொட்டியும், பாலாடைக்கட்டியும் உண்டு. வண்டி இல்லாதவர்களுக்கு ஆட்டோ வாடகை சாப்பாட்டுச் செலவை நெருங்கிவிடும் என்பதால், ஆரோவில் பார்க்கப் போகும் நாளோடு சேர்த்துக்கொள்வதே பொருத்தம்.

இந்த மூன்றிலும் எளிதில் அகப்படாத ஒன்று, தமிழ், பிரெஞ்சு முறைகள் கலந்து உருவான, புதுச்சேரிக்கே உரிய கிரியோல் சமையல். வினிகரும் பூண்டும் சேர்ந்த விந்தாய் என்ற இறைச்சிக் கறி, தேங்காய்ப்பால் சேர்த்த மிதமான குழம்புகள், கிறிஸ்துமஸுக்கு ரவையும் ரம்மில் ஊறிய பழங்களும் சேர்த்துச் செய்யும் விவிக்கம் கேக் ஆகியவை வீடுகளில் வாழ்கின்றனவே தவிர, மெனுக்களில் அருகியே தென்படுகின்றன. ஒயிட் டவுனின் சில விருந்தினர் இல்லங்கள் முன்கூட்டிச் சொன்னால் இவற்றைச் சமைத்துத் தருகின்றன. நட்சத்திர மதிப்பெண்களைப் பார்த்துத் தேடுகிறவர்களுக்கு இவை கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி சுவரின் நிறத்துக்கும் புகைப்படத்துக்கும் கிடைத்தவை. உணவகத்தின் பெயரைத் தேடுவதைவிடப் பதார்த்தத்தின் பெயரைச் சொல்லி, தங்குமிடத்தில் வேலை செய்யும் உள்ளூர்க்காரர்களிடம், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்கே வாங்குவார்கள் என்று கேட்பது பலன் தருகிறது. ஆட்டோக்காரர் தாமாகவே முன்வந்து சொல்லும் கடைக்குக் கமிஷன் காரணமாக இருக்கக்கூடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருக்கும் காலத்தில் மேலே சொன்ன ஒப்பீட்டைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது வாய்க்காலின் எந்தக் கரையில் பெரிய வஞ்சிரம் கிடைத்தாலும், அது மேற்குக் கடற்கரையிலிருந்து ஐஸில் வந்ததாகவோ குளிர்பதனத்தில் கிடந்ததாகவோதான் பெரும்பாலும் இருக்கும். கரையோரம் போய்வரும் சிறு ஃபைபர் படகுகள் கொண்டுவரும் நெத்திலியும் சங்கராவும் கானாங்கெளுத்தியும் மட்டும் அன்றாடம் குபேர் அங்காடிக்கு வந்துகொண்டிருக்கும். அந்த இரண்டு மாதமும் மீன் சாப்பாட்டுக்கு வாய்க்காலின் மேற்குக் கரையில் உள்ள சிறு கடைகளே போதும்.