நெட்ஹேக் 3.6, நாலு வருஷத்துக்குப் பிறகு: பன்னிரண்டின் கணக்கு

கடைக்கு அடிக்கடி வரும் தம்பி ஒருவன், பாலிடெக்னிக் படிக்கிறான், போன வாரம் கேட்டான்: "அண்ணே, நெட்ஹேக் போடலாம்னு இருக்கேன், பழைய 3.4.3 போடவா, 3.6 போடவா?" நெட்ஹேக் என்பது நிலவறைகளில் இறங்கி எதிரிகளோடு சண்டை போடும் பழைய கணினி கேம், அந்த எண்கள் அதன் பதிப்புகள். அவன் கேட்ட நாள்தான் சரியில்லை. முந்தின ராத்திரி அதில் நான் ஆடிய வால்கைரி என்ற போர்வீராங்கனை கல்லாகிச் செத்திருந்தாள். அவனிடம் வாயால் சொன்னது பாதி, மீதியை இங்கே எழுதுகிறேன்.

மேலூரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். தாலுகா ஆபீஸ் வேலையாக வருகிறவர்களால் பத்தரையிலிருந்து ஒரு மணி வரை பட்டா, வாரிசுச் சான்று, ஆதார் என்று கூட்டம் நிற்கும். இதற்கு நடுவே விளையாட எனக்கு வேறு எந்த கேமும் தோதுப்படவில்லை. நான் விசையைத் தொடாதவரை உள்ளே எதுவும் அசையாது. ஒரு பாட்டி முதியோர் பென்ஷனுக்கு நாலு காப்பி கேட்டு வந்து, ஆதாரைத் தேடி மஞ்சப்பையை மேஜையில் கொட்டி, மகன் கதையையும் சொல்லிவிட்டுப் போனபிறகு திரும்பிப் பார்த்தால், ஒரு கட்டம் தள்ளி நின்ற ஓநாய் அதே இடத்தில் நிற்கும். இதற்காகவே இந்த கேமை நான் கடைசிவரை விடமாட்டேன்.

நேரம் நமக்காக நிற்கிறது என்றால் அங்கே நேரமே இல்லை என்று அர்த்தமில்லை. கேமின் நேரம் டர்ன் டர்னாக நகரும், ஒவ்வொரு டர்னிலும் வேகம் எவ்வளவோ அவ்வளவு புள்ளி வரவு. ஒரு செயலுக்கு விலை 12 புள்ளி, நம் ஆளின் வேகமும் 12, ஆகவே டர்னுக்கு ஒரு செயல். சுமை ஏறினால் வேகத்தில் கால்வாசி போய்விடும். பிளேட் மெயில் கவசத்தை மாட்ட 5 டர்ன் ஆகும், அந்த ஐந்திலும் எதிரி சும்மா இருக்கமாட்டான். வேகம் கூட்டும் ஸ்பீட் மான்ஸ்டர் மந்திரக்கோலை நம் மேலேயே ஒருமுறை செலுத்திக்கொண்டால் சராசரியாக மூன்று டர்னில் நாலு செயல். டர்ன் எண்ணைக் கீழ்வரியில் காட்டும்படி வைத்திருங்கள், நகர்ந்த பிறகும் அந்த எண் ஏறாமல் நிற்கும் தருணம் ஒன்று வரும். அதுதான் அந்த நாலாவது செயல். இத்தனை வருஷம் ஆகியும் அதைப் பார்க்கும்போது காசு கூடக் கிடைத்தது போல ஒரு சந்தோஷம் எனக்கு.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

2003-ல் வந்த 3.4.3-ல் எதிரிகளின் வேகம் டீக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி. சோல்ஜர் ஆன்ட் என்ற எறும்பின் வேகம் 18. முதல் டர்னில் 18 வரவு, ஒரு செயலுக்கு 12 போக 6 பாக்கி. அடுத்த டர்னில் 6-ம் 18-ம் சேர்ந்து 24, இரண்டு செயல். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று தாளம் தப்பாமல் வரும். 2015-ல் வந்த 3.6-ல் பாக்கி வைக்கும் வழக்கமே போய்விட்டது. ஒவ்வொரு டர்னிலும் 18-ஐ 12 ஆகவோ 24 ஆகவோ காசு சுண்டிப்போட்டு முடிவு செய்கிறது. சராசரி அதேதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மாட்டுத்தாவணி பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று வருவதும், நாற்பது நிமிஷம் ஒன்றுமே வராமல் நாலு பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் சராசரியில் ஒன்றுதான், நிற்கிறவனுக்கு ஒன்றா? பழையதில் அந்த எறும்பு இரண்டு டர்னில் மூன்று முறைக்கு மேல் கடிக்க வராது. புதியதில் நாலில் ஒரு வாய்ப்பு, இரண்டே டர்னில் நாலு முறை வந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு கடி, ஒரு கொட்டு, சேர்ந்து 20 வரை உயிர் போகலாம்.

ஏன் மாற்றினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய கணக்கில் வேகம் 6 உள்ள எதிரியை ஒரு கீறல்கூட வாங்காமல் கொல்லலாம். அடி. அந்த டர்னில் அதனால் நகரமுடியாது. அடுத்த டர்னில் ஒரு கட்டம் பின்வாங்கு. அது தன் ஒரே செயலைப் பக்கத்தில் வருவதற்கே செலவழித்துவிடும். மறுபடி அடி. எதிரி கடைசிவரை நம் மேல் கை வைக்காது. எண்ணத் தெரிந்தவன் தோற்கவே மாட்டான் என்றால் அது நியாயமான சண்டை இல்லைதான். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தக் காசு சுண்டல். அதை வைத்துப் பார்த்தால் 3.6-ல் நடப்பதே சரி. எதிரிக்கு உயிர் இருப்பது போலத் தெரிகிறது, நானும் நாலு வருஷம் அதில்தான் ஆடினேன்.

அன்றைக்கு ராத்திரி, ஆளைக் கல்லாக்கும் காக்கட்ரைஸ் வந்தது. அதன் வேகமும் 6. கை பழக்கத்தில் அடித்துப் பின்வாங்கி, அடித்துப் பின்வாங்கி, மூன்று சுற்று நன்றாகப் போனது. நாலாவது அடிக்கு அடுத்து அது சும்மா இருந்திருக்க வேண்டிய டர்னில் அதற்குச் செயல் விழுந்தது, சீறல் கேட்டது. சாதாரண நாளில் சீறல் கேட்டாலும் பத்தில் ஒரு தடவைதான் கல்லாக ஆரம்பிப்போம். ஆனால் இந்த கேம் கணினியின் தேதியைப் பார்க்கும், அமாவாசையை ஒட்டிய நாளாக இருந்து பையில் லிசார்ட் என்ற பல்லியின் உடலும் இல்லையென்றால் சீறல் கேட்டாலே போதும். தொடங்கும்போதே இன்று அமாவாசை, கவனம் என்று எச்சரிக்கை போட்டது, நான் படித்தேன், பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரிலும் கறுப்பு வட்டம் இருந்தது. ஆபத்தில் காப்பாற்றும் பிரார்த்தனையை நூறு டர்னுக்கு முன்புதான் செலவழித்திருந்தேன், அடுத்தடுத்துச் செய்தால் பலிக்காது. உடல் மெதுவாகிறது என்றது, கைகால் விறைக்கிறது என்றது, ஐந்து டர்னில் ஐந்து செய்தி, கடைசியில் நீ ஒரு சிலை. பதினோரு நாள் ஆட்டம் அதோடு முடிந்தது.

அதனால் தம்பியிடம் 3.4.3 போடச் சொல்லிவிட்டேன். 3.6-ல் பிழை திருத்தம் அதிகம், அதுதான் நல்லது என்று அவனே படித்துவிட்டு வந்து சொன்னான், ஆமாம் என்றுதான் நானும் சொன்னேன். இருந்தாலும் பழையதையே போடு என்றேன்.

நேற்றுக் கடை சாத்தியபிறகு நானும் பழையதை இறக்கினேன். மைன்ஸ் என்ற சுரங்கப் பகுதியில் முதல் நிலையிலேயே கையில் மட்டாக் என்ற ஆயுதத்தோடு ஒரு டுவார்ஃப், அதாவது குள்ளன், வேகம் 6. அடித்தேன், ஒரு கட்டம் பின்வாங்கினேன், வந்தான், அடித்தேன்.