ஒசாகாவா, ஃபுகுவோகாவா: தனியாளுக்கு, சிக்கனச் சாப்பாட்டுக்கு எது தோது?

டோக்கியோவில் சாப்பாடு மலிவுதான். படுக்கைதான் கையைக் கடிக்கும். அதனால் முதுகுப்பையோடு தனியாகப் போய், ஊரைச் சாப்பிட்டே பார்க்க நினைப்பவர்களுக்கு ஜப்பானின் ஒசாகா, ஃபுகுவோகா இரண்டில் ஒன்றைத் தளமாக வைத்துக்கொள்ளச் சொல்வோம். இரண்டும் சாப்பாட்டு ஊர்கள்தான். ஆனால் செலவு கூடுகிற இடம் ஒன்றுக்கொன்று வேறு.

இறங்கியதுமே ஃபுகுவோகா முந்திக்கொள்கிறது. விமான நிலையத்திலிருந்து ஊரின் முக்கிய ரயில் நிலையமான ஹகாட்டா சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தம். ஐந்தாறு நிமிடம், 260 யென். சர்வதேச முனையத்தில் இறங்கினால் உள்நாட்டு முனையத்துக்கு இலவசப் பேருந்து பிடிக்க வேண்டும், அதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஊர் நடுவிலுள்ள நம்பாவுக்கு நன்காய் ரயிலில் முக்கால் மணி நேரம், சுமார் 1,000 யென். நள்ளிரவில் வந்து சேரும் மலிவு விமானம் என்றால் கடைசி ரயில் போயிருக்கும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரையும்.

தங்குவதில் நிலைமை தலைகீழ். ஒசாகாவின் ஷின்-இமாமியா, தொபுட்சுஎன்-மாயே பக்கம் தினக்கூலிகள் தங்கிய பழைய விடுதிகள் பல இப்போது பயணிகளுக்கும் அறை தருகின்றன. மூன்று தாதாமிப் பாய் அளவு தனியறை, பொதுக் குளியலறை, நாளுக்கு 3,000 யென்னை ஒட்டி. தெரு கொஞ்சம் கரடுமுரடாகத் தெரியும், அவ்வளவுதான். குளியலறை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபுகுவோகாவில் ஹாஸ்டல் படுக்கை சாதாரண நாளில் இதே விலைதான். ஆனால் அங்குள்ள டோம் அரங்கில் பெரிய இசை நிகழ்ச்சி வந்தால் ஊர் முழுக்க வாடகை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிடும். விமான டிக்கெட் எடுக்குமுன் அரங்கின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துவிடுவது உத்தமம்.

இனி சாப்பாடு. ஃபுகுவோகாவின் பலம் ஹகாட்டா ராமென். பன்றி எலும்பை வேகவைத்து எடுத்த வெளுத்த சூப், ஊசிபோல் மெல்லிய நூடுல்ஸ். மெல்லியது என்பதால் சீக்கிரம் ஊறிக் குழைந்துவிடும். அதனால்தான் கிண்ணத்தில் அளவோடு போட்டு, வேண்டியவர்களுக்கு 'கயேதாமா' என்று மறு நூடுல்ஸ் 100 முதல் 200 யென்னுக்குத் தருகிறார்கள். முதல் சுற்றிலேயே சூப்பைக் குடித்துத் தீர்த்தால் இரண்டாம் சுற்றுக்குத் தொட்டுக்கொள்ளக்கூட இருக்காது. பாதிக்கு மேல் சூப் இருக்கும்போதே, நூடுல்ஸ் இரண்டு வாய் மிச்சமிருக்கையில் சொல்லுங்கள். பதம் கேட்டால் 'கதா' என்றால் கொஞ்சம் விறைப்பு, 'பரிகதா' என்றால் அதைவிட விறைப்பு. மேசையில் இருக்கும் காரமான தகானா கீரை ஊறுகாய் இலவசம். ஆனால் சூப்பை முதலில் ருசித்துவிட்டு அப்புறம் போடுங்கள், இல்லாவிட்டால் காரம்தான் தெரியும். கவுன்ட்டர் இருக்கை, டிக்கெட் இயந்திரம், பதினைந்து நிமிடம்: தனியாளுக்கென்றே அமைந்த சாப்பாடு இது.

அதே ஊரில் தனியாள் மாட்டிக்கொள்ளும் இடம் மொட்சுநாபே, அதாவது குடல்கறிக் கொதிகலம். பல கடைகளில் குறைந்தது இருவருக்கான அளவு எடுத்தே ஆகவேண்டும். 'ஒருவருக்கு உண்டு' என்று எழுதிப் போட்ட கடையாகத் தேடுங்கள். யதாய் என்கிற தெருவோரத் தள்ளுகடைகள் பார்க்க அழகு, விலையில் மலிவில்லை. ஒரு தட்டும் ஒரு பானமும் என்று நிறுத்திக்கொள்வது நல்லது. மழை பெய்தால் பல கடைகள் திறக்காது.

ஒசாகாவில் ஒரே கிண்ணத்தில் வயிறு நிறையாது. கொறித்துக்கொண்டே நடக்கிற ஊர். குஷிகட்சு, அதாவது குச்சியில் குத்திப் பொரித்த இறைச்சியோ காயோ, குச்சி ஒன்று 120 முதல் 200 யென். பொதுச் சாஸ் வைத்திருக்கும் கடைகளில் ஒரே முறைதான் தோய்க்கலாம். கடித்ததை மறுபடி தோய்த்தால் கடைக்காரர் முகம் மாறிவிடும். சாஸ் போதவில்லையா, முட்டைக்கோஸ் இலையால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். தகோயாகி என்கிற ஆக்டோபஸ் உருண்டையை, பயணிகள் மொய்க்கும் தோதோன்போரியில் வாங்காமல் இரண்டு மூன்று தெரு தள்ளி வாங்கினால் விலை இறங்கும். தென்மா பகுதியின் நின்று குடிக்கும் கடைகளில் சின்னத் தட்டுகள் தனியாளுக்கு அளவாக இருக்கும். உட்காரும் மதுக்கடைகளில் கேட்காமலே வரும் 'ஒதோஷி' தட்டுக்கு 300 முதல் 500 யென் பில்லில் ஏறும். பெரும்பாலும் அதைத் திருப்பி அனுப்ப முடியாது. இரண்டு ஊரிலும் இரவு ஏழு எட்டு மணிக்கு மேல் சூப்பர்மார்க்கெட் பெந்தோ சாப்பாட்டுப் பெட்டிகளில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மலிவு சூப்பர்மார்க்கெட்டுகள் ஒசாகாவில் அதிகம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒசாகாதான். ஃபுகுவோகாவின் இன்னொரு பெருமையான மெத்தென்ற உதோன் தடி நூடுல்ஸும் மீன் சாறில்தான் மிதக்கிறது. காய்கறி மட்டும் கேட்டாலும் சாறு மாறாது. ஒசாகாவிலும் சாறு அதேதான், ஆனால் இந்திய, நேபாளக் கடைகள் அதிகம். உப்பு ஒனிகிரி என்கிற சோற்றுருண்டை, சுட்ட சர்க்கரைவள்ளி, தோஃபு, மைக்ரோவேவ் சோறு இவற்றை வைத்து ஒரு வேளையை ஓட்டலாம். நாத்தோ என்கிற புளித்த சோயாவுடன் வரும் சின்ன சாஸ் பாக்கெட்டிலும் பெரும்பாலும் மீன் உண்டு, அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

ஐந்து நாளுக்குள் என்றால், அசைவம் பிரச்சினை இல்லை என்றால், ஃபுகுவோகா. பத்து நாள், கியோட்டோ, நாரா, கோபே எல்லாம் போய்வர வேண்டும் என்றால் ஒசாகா. மூன்றுக்கும் சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒசாகா, ஃபுகுவோகா இரண்டும் வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பயணிகளுக்கான 7 நாள் ஜேஆர் ரயில் பாஸ் எடுக்காதீர்கள். 2023 அக்டோபரில் அது 50,000 யென் ஆகிவிட்டது. ஷின்கான்சென் அதிவேக ரயிலில் போகவர சுமார் 31,000 யென்தான். அதைவிட ஒசாகாவின் நான்கோ துறைமுகத்தில் மாலைக் கப்பல் ஏறினால் ராத்தங்கல் செலவும் அதிலேயே அடங்கும், விடியலில் ஷின்-மோஜி துறைமுகம். அங்கிருந்து இலவசப் பேருந்தில் கொகுரா ரயில் நிலையம், பிறகு சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஹகாட்டா.