மார்ட்டினிக்கு ஜின்னா, வோட்காவா? பாட்டில் மாறினால் அளவும் மாறும்

60 மில்லி ஜின், 10 மில்லி டிரை வெர்மூத் (இனிப்புக் குறைந்த, மணமூட்டிய ஒயின்). சர்வதேச பார்டெண்டர்கள் சங்கம் டிரை மார்ட்டினி என்ற காக்டெயிலுக்குச் சொல்லும் அளவு இதுதான். ஜின் இருந்த இடத்தில் அதே 60 மில்லி வோட்காவை ஊற்றினால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். முடியாது. வோட்கா ஊற்றிய மார்ட்டினிக்கு ஒரு காலத்தில் 'கங்காரு' என்று தனிப்பெயரே இருந்தது. அதை வேறு பானமாகப் பார்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஜின் ஏற்கெனவே மணமேறிய சரக்கு. முதலில் ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் காய், அதன் பின்னால் தனியா, ஏஞ்சலிகா வேர், எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல். வெர்மூத்தும் மூலிகை ஊறிய ஒயின்தான். இரண்டும் சேரும்போது ஜூனிப்பரின் பிசின் வாசம் கொஞ்சம் அடங்கி, எலுமிச்சையும் இளங்கசப்பும் மேலே வரும். இதற்கு லண்டன் டிரை வகையே பொருத்தம், இனிப்பு கிட்டத்தட்ட இருக்காது. லேபிளில் ஆல்கஹால் சதவீதத்தையும் பாருங்கள். 37.5 என்றிருந்தால் ஐஸ் நீர் சேர்ந்ததும் சப்பென்று ஆகிவிடும். 43க்கு மேல் இருந்தால் தாங்கும்.

வோட்காவில் தேட வேண்டியது வாசத்தை அல்ல, நாக்கில் அது உட்காரும் விதத்தை. கம்பு தானிய வோட்காவில் லேசான மிளகுக் காரம் தெரியும், உருளைக்கிழங்கு வோட்கா சற்றுக் கனமாக இருக்கும். மணத்துக்கு வெர்மூத்தை விட்டால் வேறு கதி இல்லை. அதனால் 10 மில்லி போதாது. 15 மில்லி ஊற்றுங்கள். திறந்து மூன்று மாதம் வெளியிலேயே கிடந்த வெர்மூத் என்றால், ஜின் அந்தப் புளித்த வாடையைப் பாதியாவது மறைக்கும். வோட்கா அப்படியே காட்டிக்கொடுக்கும். வெர்மூத் ஒயின் என்பதை மறக்காமல், திறந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

பெரும்பாலான மார்ட்டினிகள் கெடுவது சரக்கால் அல்ல, தண்ணீரால். கலக்கும் கிளாஸ் நிறைய, ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த கெட்டி ஐஸைப் போட்டு, நீண்ட கரண்டியை உட்சுவரை ஒட்டியபடி சுழற்றுங்கள். ஜின்னுக்கு சுமார் 30 விநாடி. அதற்குள் ஏறத்தாழ 15 முதல் 20 மில்லி நீர் சேர்ந்திருக்கும், கிளாஸின் வெளிப்புறம் பனி பூத்திருக்கும். அந்த நீர் ஜின்னுக்குத் தேவை. எரிச்சல் குறைந்து மணம் விரிவது அதனால்தான். வோட்காவில் விரிய மணம் ஏதும் இல்லை, குளிர்ந்தாலே போதும், ஆகவே 20 விநாடியில் நிறுத்தலாம். ஓரம் உருகி ஈரமாக இருக்கும் ஐஸ் இரண்டையுமே கெடுக்கும். குளிர்விப்பதற்கு முன்பே நீரை விட்டுவிடும்.

பாட்டிலையே ஃப்ரீசரில் வைக்கும் பழக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் சரக்கை ஐஸில் சுழற்றினால் ஐஸ் அவ்வளவாக உருகாது, தொண்டை எரிவதுதான் மிச்சம். அப்படி வைத்திருந்தால் ஐஸே வேண்டாம். வெர்மூத்தோடு 15 மில்லி குளிர்ந்த நீரை அளந்து ஊற்றிக் கலக்குங்கள்.

ஷேக்கரில் குலுக்கினால் காற்றுக் குமிழும் ஐஸ் துகளும் சேர்ந்து கலங்கும், நீரும் கூடும். ஜின்னுக்கு அது நஷ்டம். வோட்காவுக்கு அவ்வளவு இல்லை, அந்த எண்ணெய் போன்ற வழுவழுப்பு மட்டும் போகும். சில ஜின்கள் குலுக்காமலே, குளிர்ந்ததும் லேசாக மங்கும். மணப்பொருள்களின் எண்ணெய் பிரிவதுதான் காரணம், கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள்.

மேலே போடுவதற்கு, ஜின்னில் எலுமிச்சைத் தோல். வெள்ளைப் பகுதி ஒட்டாமல் மெல்லியதாகச் சீவி, மஞ்சள் பக்கம் கிளாஸைப் பார்க்கும்படி மடித்துப் பிழிந்தால் எண்ணெய் மேற்பரப்பில் தெறித்து மினுங்கும். வோட்காவுக்கு ஆலிவ். அது ஊறிய உப்புநீரையும் 5 முதல் 10 மில்லி சேர்க்கலாம். ஜின்னில் அதே உப்புநீர் ஜூனிப்பரோடு முட்டிக்கொள்ளும் என்பது என் கட்சி, மறுப்பவர்களும் உண்டு.

வீட்டில் ஒரு பாட்டிலுக்குத்தான் இடம் என்றால் ஜின்னே. ஜின் மார்ட்டினி குளிர் விட்ட பிறகும் சில நிமிடம் வாசம் காட்டும். வோட்கா மார்ட்டினி குளிர் விட்டால் வெறும் ஸ்பிரிட்தான், அதைச் சிறிய கிளாஸில் ஊற்றிச் சீக்கிரம் குடித்துவிட வேண்டும்.